சாலையோரப் பண்ணைக் கடையை வரைபடத்தில் எந்த வகையில் சேர்ப்பது?

கேள்வி கேட்டவர், யார் வேண்டுமானாலும் இடங்களைச் சேர்த்துத் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடங்களைச் சேர்க்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறார். அவர் போய்வரும் சாலையில் வயல்களை ஒட்டி மூன்று கடைகள் இருக்கின்றன. ஒன்று வெறும் மேசையும் குடையும். இன்னொன்று தகரக் கொட்டகை. மூன்றாவது, பண்ணை வளாகத்துக்குள்ளேயே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. காய்கறிக் கடை, சந்தை, பெட்டிக்கடை, பண்ணைக் கடை என்று எடிட்டர் நீட்டும் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "அந்த மேசைக் கடை சில மாதம்தான் இருக்கும், அப்புறம் காணாமல் போய்விடும், அதையெல்லாம் போடலாமா?" எனக்கு அந்த வரிதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. வகை எது என்பதற்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். இருந்து இருந்து மறைகிற ஓர் இடத்தை, நிலையான இடங்களுக்கென்று உண்டான வரைபடத்தில் எப்படி எழுதுவது என்பதற்குத்தான் நேரம் எடுக்கும்.

நான் பல வருடமாக இந்த வரைபடத்தில் கடைகளைச் சேர்த்தும், பிறர் சேர்த்ததைச் சரிபார்த்தும் வருகிறேன். எழுதப்பட்ட வழக்கம் எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். டேக் என்பது ஓர் இடம் எப்படிப்பட்டது என்று வரைபடத்தில் அதன்மேல் ஒட்டும் குறிச்சொல். டேக் பெயர்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில்தான் இட வேண்டும்.

முதலில் நேரடியான பதில்: மூன்றுக்கும் ஷாப்=ஃபார்ம். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாவி, அதற்கு ஒரு மதிப்பு என்ற முறையில்தான் விவரம் ஏறுகிறது. ஷாப் என்ற சாவி இங்கே பொருள் வாங்கலாம் என்கிறது. ஃபார்ம் என்ற மதிப்பு, அந்தப் பொருள் ஒரு பண்ணையின் விளைச்சல் என்கிறது. அவ்வளவுதான். கடை எத்தனை பெரியது, சுவர் உண்டா, கூரை உண்டா என்பதைப் பற்றி அந்த டேக் வாயே திறப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேசையையும் கண்ணாடிக் கதவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வகையாக எப்படி இருக்கும் என்று மனசு ஒப்பாது. ஆனால் தேடுகிறவர் பக்கம் நின்று பார்த்தால், விளைவித்தவரிடமே நேரடியாக வாங்கக்கூடிய இடம் எங்கே என்பதுதான் அவருடைய தேடல். இரண்டுமே அதற்கு விடைதான். வித்தியாசத்தைச் சொல்ல வேறு சாவிகள் இருக்கின்றன, வருகிறேன்.

அடுத்து, காய்கறிக் கடையிலிருந்து இதைப் பிரிப்பது. அதற்கான டேக் ஷாப்=கிரீன்குரோசர். இரண்டிலும் தக்காளியும் கீரையும் இருக்கும், இரண்டும் சாலையோரத்தில் இருக்கலாம். பிரிக்கிற கோடு, விளைவித்தது யார் என்பதுதான். மொத்தச் சந்தையில் வாங்கி வந்து சில்லறையாக விற்றால் அது கிரீன்குரோசர். சொந்த விளைச்சலோ, அக்கம்பக்கத்துப் பண்ணை விளைச்சலோ பிரதானமாக இருந்தால் ஃபார்ம். சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுவிடுவது உத்தமம். பெரும்பாலான விற்பனையாளர்கள் "எல்லாம் நம்ம தோட்டத்தில் பறிச்சதுதான்" என்பார்கள், அது எப்போதும் முழு உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் பெட்டிகளைப் பார்ப்பேன். மூலையில் அடுக்கியிருக்கும் காலி அட்டைப் பெட்டிகளில் வேற்றூர்ப் பொதி நிலையத்தின் முத்திரை இருந்தால் சரக்கு வாங்கி வந்தது. ஒரே பருவத்தில் ஒரே மண்ணில் சேர்ந்து விளையவே முடியாத பழங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். வகை குறைவு, அளவு அதிகம், பழங்கள் ஒரே அளவாக இல்லாமல் தாறுமாறாக இருக்கின்றன, காம்பில் இலை ஒட்டியிருக்கிறது, வேரில் ஈர மண் இருக்கிறது என்றால் பக்கத்து வயல் என்று துணிந்து எழுதலாம்.

கலவையான கடைகளும் நிறைய உண்டு. சொந்த விளைச்சல் பாதி, வாடிக்கையாளர் கேட்கிறார்களே என்று வாங்கி வைத்தது பாதி. அரைப்புள்ளி போட்டு இரண்டு மதிப்பையும் ஒரே சாவியில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுத முடியும், தடை ஏதுமில்லை. ஆனால் பல செயலிகள் அப்படி எழுதியதை ஒழுங்காகப் படிப்பதில்லை. இரண்டில் ஒன்றாகக்கூடக் காட்டாமல் கடையையே விட்டுவிடுகிற செயலிகள் உண்டு. அதனால் எது மேலோங்கி நிற்கிறதோ அதை எழுதுங்கள். தராசு சரியாக நடுவில் நின்றால், பலகை தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறதோ அதன்படி போவேன். இது என் வழக்கம், விதி கிடையாது.

மேப்பர்கள், அதாவது இந்த வரைபடத்தில் இடங்களைச் சேர்ப்பவர்கள், உண்மையிலேயே ஒத்துப்போகாத இடம் இன்னொன்று. பண்ணை ஓரிடத்தில், அதே பண்ணைக்காரர் நடத்தும் கடை வெகுதூரம் தள்ளி நகரத்துக்குள். அது பண்ணைக் கடையா? பண்ணை வாசலிலோ அதன் அருகிலோ இருப்பதைத்தான் ஃபார்ம் என்று சொல்ல வேண்டும் என்பது ஒரு கட்சி. விற்பவரும் விளைவிப்பவரும் ஒருவராக இருந்தால் போதும், தூரம் ஒரு பொருட்டில்லை என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, ஒரு நிபந்தனையோடு: கடைக்குள் போகிறவருக்கு அது இன்ன பண்ணையின் கடை என்று தெரிய வேண்டும். பலகையிலோ விலைச்சீட்டிலோ பண்ணையின் பெயர் இருக்க வேண்டும். அப்போது ஆபரேட்டர் என்ற சாவியில் பண்ணையின் பெயரை எழுதினால் தொடர்பும் பதிவாகிவிடும். பெயரை மட்டும் 'பண்ணைப் பசுமை' என்கிற மாதிரி வைத்துக்கொண்டு சங்கிலித் தொடராக நடக்கும் கடைகளை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பெயர் அலங்காரத்துக்கு, டேக் நிலவரத்துக்கு.

சந்தை என்ற தேர்வு, அதாவது அமெனிட்டி=மார்க்கெட்பிளேஸ், பலரைத் தப்பாக இழுக்கிறது. அது பல விற்பனையாளர்கள் ஓர் ஏற்பாட்டின்கீழ் கூடும் இடத்துக்கானது. சதுக்கமாகவோ மண்டபமாகவோ இருக்கலாம், தினசரியோ வாரம் ஒருமுறையோ கூடலாம். விவசாயிகள் வாரத்தில் ஒரு நாள் வந்து விற்கும் திடல் சந்தைதான். ஒரே ஒரு மேசை சந்தை ஆகாது. சாலையில் வரிசையாக நாலு குடை நின்றாலும், ஒவ்வொருவரும் தன் வயலோரத்தில் தன் போக்கில் விற்கிறார் என்றால் நாலு தனிக் கடைகள், நாலு புள்ளிகள். பத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரே கூரையில் ஒரே கல்லாவோடு நடத்துகிறார்கள் என்றால் அது ஒரு கடை, ஒரு புள்ளி. கல்லாக்களை எண்ணினாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பெட்டிக்கடை என்று தோன்றும் ஷாப்=கியோஸ்க் இன்னொரு பொறி. கட்டடம் பெட்டி மாதிரி இருக்கிறதே என்று அதைப் போடுகிறார்கள். அந்த டேக் பேசுவது உருவத்தை அல்ல, சரக்கை. பத்திரிகை, மிட்டாய், சிகரெட், குளிர்பானம் விற்கும் சின்னக் கடைக்கு உரியது. உருவத்தைத்தான் சொல்ல ஆசை என்றால் பில்டிங்=கியோஸ்க் இருக்கிறது. கொட்டகையைப் பரப்பாக வரைந்து அதைப் போட்டு, அதே பரப்பில் ஷாப்=ஃபார்ம் என்றும் எழுதினால் இரண்டு விஷயமும் சொன்னதாகிவிடும். மேசைக்கும் குடைக்கும் கட்டட டேக் எதுவும் வேண்டாம்.

ஆள் இல்லாத கடைகளும் இருக்கின்றன. பொருளை அடுக்கி, விலை எழுதி, பக்கத்தில் உண்டியல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்குபவர் தானே எடுத்து, தானே காசு போட வேண்டும். அதுவும் ஷாப்=ஃபார்ம்தான், கூடவே செல்ஃப்_சர்வீஸ்=யெஸ். ரொக்கம் மட்டும்தான் என்றால் பேமெண்ட்:கேஷ்=யெஸ் என்று சேர்ப்பது பெரிய உபகாரம். கையில் சில்லறை இல்லாமல் அங்கே போய் நிற்பவரின் சங்கடம் சொல்லி மாளாது. உண்டியலுக்குப் பதில் காசோ அட்டையோ வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கும் இயந்திரம் என்றால் வகை மாறுகிறது: அமெனிட்டி=வெண்டிங்_மெஷின். என்ன விற்கிறது என்பதை வெண்டிங் என்ற சாவியில் சொல்ல வேண்டும், பால் இயந்திரம் என்றால் வெண்டிங்=மில்க். ஒரே கொட்டகையில் ஒரு பக்கம் ஆள் நின்று விற்கிறார், இன்னொரு பக்கம் இயந்திரமும் இருக்கிறது என்றால் இரண்டு புள்ளி போடுங்கள். இரவில் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கும். திறப்பு நேரமே வேறு, அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன்.

இப்போது பருவக் கடைக்கு வருவோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை வழக்கங்களில் ஒன்று, ஒருவர் எழுதியதை இன்னொருவர் நேரில் போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது. தற்காலிக நிகழ்வுகளை ஏற்றாதீர்கள் என்பது இன்னொன்று. ஒரு நாள் கண்காட்சி, ஒரு வாரத் திருவிழாக் கடை இவற்றுக்கு இங்கே இடமில்லை. மேசைக் கடை அந்தத் தடையில் மாட்டுமா? நான் ஒரு கேள்வி வைத்துத்தான் இதைத் தீர்க்கிறேன்: அடுத்த வருடம் அதே பருவத்தில் அதே இடத்துக்கு வரும் ஒருவர் கடையைப் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் அது தற்காலிகம் ஆகாது, திரும்பத் திரும்ப வருவது. பனிக்காலத்தில் மட்டும் திறக்கும் சறுக்கு மைதானமும் வெயில் காலத்தில் மட்டும் திறக்கும் ஐஸ்கிரீம் கடையும் வரைபடத்தில் இருக்கின்றனவே, அதே நியாயம்தான். இந்த வருடம் விளைச்சல் மிஞ்சியதால் யாரோ சில நாள் வண்டியை நிறுத்தி விற்றார் என்றால் போடாதீர்கள்.

அடுத்த வருடமும் வருமா என்று முதல் தடவை பார்க்கும்போது எப்படித் தெரியும்? தரையைப் பாருங்கள். குடைக் கம்பு நட ஒரு குழாயைத் தரையில் பதித்துக் காங்கிரீட் போட்டிருக்கிறார்களா? சாலையோரம் வண்டிகள் நின்று நின்று புல் தேய்ந்து மண் இறுகியிருக்கிறதா? விலைப்பலகை மரச்சட்டத்தில் பெயிண்டால் எழுதியதா, அல்லது அட்டைத்துண்டில் பேனாவால் கிறுக்கியதா? பெயிண்ட் பலகையில் பொருளின் பெயர் மட்டும் நிரந்தரமாக இருந்து விலைக்கு மட்டும் சாக்பீஸ் இடம் விட்டிருந்தால், அந்த மனிதர் பல பருவத்துக்குத் திட்டம் போட்டவர். இதெல்லாம் கடை மூடியிருக்கும் மாதத்தில் போனாலும் கண்ணில் படும் தடயங்கள். சரிபார்க்க முடிய வேண்டும் என்ற நிபந்தனையும் இதனாலேயே நிறைவேறுகிறது.

தள்ளுவண்டிகளுக்கும் இதே அளவுகோல்தான். தினமும் ஒரே மரத்தடியில் வந்து நிற்கும் வண்டியைச் சேர்க்கலாம், ஸ்ட்ரீட்_வெண்டர்=யெஸ் என்ற சாவி அதற்கென்றே இருக்கிறது. தெருத்தெருவாகச் சுற்றும் வண்டிக்கு வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது.

சேர்ப்பது என்று முடிவாகிவிட்டால் முழுக் கவனமும் ஓப்பனிங்_அவர்ஸ் என்ற சாவிக்குப் போக வேண்டும். மேசைக் கடையையும் வருடம் முழுக்க நடக்கும் கடையையும் உபயோகமான விதத்தில் பிரிப்பது வகை டேக் அல்ல, இந்த ஒரு வரிதான். இதற்கென்று கட்டுப்பாடான எழுத்துமுறை உண்டு. மாதப் பெயர்களை ஆங்கிலத்தின் முதல் மூன்றெழுத்தில் எழுதி, நடுவில் சின்னக் கோடு இட்டு, பிறகு மணியை இருபத்துநாலு மணிக் கணக்கில் எழுத வேண்டும். உதாரணத்துக்கு ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய, காலை எட்டு முதல் மாலை ஆறு என்றால், 'ஜூன்-செப் 08:00-18:00' என்ற வடிவம். வருடத்தைத் தாண்டும் பருவமும் எழுதலாம், நவம்பர்-பிப்ரவரி என்று போட்டால் செயலி புரிந்துகொள்ளும். பொழுது விடிந்தால் திறந்து இருட்டினால் மூடுகிறவர் என்றால், மணிக்குப் பதிலாகச் சூரிய உதயம், அஸ்தமனம் என்பதற்கான சொற்களையே போட வழி இருக்கிறது. அந்தந்த ஊரின் அட்சரேகைக்கும் தேதிக்கும் ஏற்பச் செயலியே நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

'சரக்கு இருக்கும்வரை' என்பதுதான் பண்ணைக் கடையின் நிஜமான நேரம். அதற்கும் வழி இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் ஒரு சின்னக் குறிப்பாக எழுதலாம். மாதங்களை எழுதி, மணி எதுவும் போடாமல் மேற்கோள் குறிக்குள் இந்தக் குறிப்பை மட்டும் வைத்தால், ஒழுங்காக எழுதப்பட்ட செயலி அதை 'திறந்திருக்கலாம், உறுதியில்லை' என்று எடுத்துக்கொள்ளும். பொய்யாக ஒன்பது முதல் ஐந்து என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். மணியும் தெரியாது, மாதமும் துல்லியமாகத் தெரியாது என்றால் சீசனல் என்ற சாவியில் யெஸ் என்றோ, வெயில் காலம், மழைக்காலம், வறண்ட காலம் போன்ற மதிப்புகளில் ஒன்றையோ போடுங்கள். ஆள் இல்லாத உண்டியல் கடை என்பதால் மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் என்று எழுதிவிடாதீர்கள். ராத்திரி பொருளை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவார்கள்.

நேரில் பார்த்த தேதியை செக்_டேட் என்ற சாவியில் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதி வையுங்கள். சாதாரணக் கடைக்கு இது அவ்வளவு அவசியமில்லை, பண்ணைக் கடைக்கு அவசியம். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி என்றால் அடுத்தவர் சந்தேகத்தோடு அணுகுவார். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி பழைய திறப்பு நேரங்களை மறுபடி சரிபார்க்கச் சொல்லி வழிப்போக்கர்களைக் கேட்கும், கேட்டுச் சரிபார்த்த தேதியையும் பதிந்துவிடும். கடை நின்றுபோய்க் கொட்டகை மட்டும் மிச்சமிருந்தால் புள்ளியை அழிக்காமல் சாவியின் முன்னால் டிஸ்யூஸ்டு: என்ற முன்னொட்டைச் சேர்க்கலாம். பருவம் முடிந்து மூடியிருக்கும் கடைக்கு இந்த முன்னொட்டைப் போடக்கூடாது. ஆர்வமுள்ள ஒருவர் பருவமல்லாத மாதத்தில் போய்விட்டு நல்ல கடையை டிஸ்யூஸ்டு ஆக்கிவிடுவது நடக்கிறது. திறப்பு நேரத்தில் மாதங்கள் தெளிவாக எழுதியிருந்தால் இந்த விபத்து பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

புள்ளியை எங்கே வைப்பது என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் அதிகத் தொந்தரவு தருவது அதுதான். சாலையில் பெரிய பலகை இருக்கும், அம்புக்குறி போட்டிருக்கும், கடை உள்ளே அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பலர் பலகை நிற்கும் இடத்தில் புள்ளி வைத்துவிடுகிறார்கள். வழிகாட்டும் செயலி வண்டியைச் சாலை நடுவில் நிறுத்தி 'சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லும். பொருள் கைமாறும் இடத்தில்தான் புள்ளி இருக்க வேண்டும். உள்ளே போகும் பாதை வரைபடத்தில் இல்லையென்றால் அதையும் வரையுங்கள், இல்லாவிட்டால் செயலி வயலுக்கு மறுபக்கத்துச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். பண்ணைப் பாதையில் அனுமதியின்றி வரக்கூடாது என்று யாராவது டேக் போட்டிருந்தால், வாடிக்கையாளர் போகலாம் என்று ஆக்சஸ்=கஸ்டமர்ஸ் ஆக மாற்ற வேண்டியிருக்கும். நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு மாற்றுங்கள்.

இதோடு ஒட்டிய தப்பு, பண்ணை வளாகத்தின் பரப்பிலேயே ஷாப்=ஃபார்மை ஒட்டுவது. வீடு, தொழுவம், களம் எல்லாம் சேர்ந்த வளாகத்துக்கு லேண்ட்யூஸ்=ஃபார்ம்யார்டு, பயிர் நிலத்துக்கு லேண்ட்யூஸ்=ஃபார்ம்லேண்ட், பழத்தோட்டத்துக்கு லேண்ட்யூஸ்=ஆர்ச்சர்டு. கடை இவற்றுக்குள் இருக்கும் தனிப் பொருள், தனிப் புள்ளியாகவோ தனிக் கட்டடமாகவோ இருக்கட்டும். வளாகம் முழுவதையும் கடை ஆக்கினால், யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்கட்டும் கடை ஆகிவிடுகிறது.

என்ன விற்கிறார்கள் என்பதற்கு ப்ரொட்யூஸ் என்ற சாவி. முட்டை, தேன், உருளைக்கிழங்கு என்று அரைப்புள்ளி பிரித்து எழுதலாம். இங்கே பல மதிப்புகள் இருப்பது சகஜம், பிரச்சினை இல்லை. பலகையில் இருபது பொருள் இருந்தால் இருபதையும் எழுத வேண்டாம், எதற்காக மக்கள் வண்டியை நிறுத்துகிறார்களோ அந்த மூன்று நாலு போதும். இயற்கை விளைச்சல் என்பதற்கு ஆர்கானிக் சாவி இருக்கிறது: கொஞ்சம் விற்கிறார்கள் என்றால் யெஸ், அது மட்டும்தான் என்றால் ஒன்லி. இதில் கொஞ்சம் கறாராக இருங்கள். சான்றிதழ் எண் ஒட்டியிருந்தால் எழுதுவேன். 'மருந்தடிக்காதது' என்று சாக்பீஸில் இருந்தால் எழுத மாட்டேன். விற்பவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, அடுத்தவர் வந்து சரிபார்க்க வழியில்லை என்பதுதான் காரணம். பறித்து எடுத்துக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளரைத் தோட்டத்துக்குள் விடும் பண்ணைகளில் அதை டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி எழுதினால் வாசிப்பவருக்குப் புரியும்.

பெயர் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. 'புதிய முட்டை கிடைக்கும்' என்பது விளம்பரம், அதை நேம் சாவியில் ஏற்றாதீர்கள். பெயரில்லாத கடைக்கு நீங்களாக 'சாலையோரக் காய்கறிக் கடை' என்று பெயர் சூட்டவும் வேண்டாம். காலியாக விடுங்கள், அல்லது நோநேம்=யெஸ். இரண்டாவது, பலகையில் இல்லாத பண்ணைக்காரரின் சொந்தப் பெயர், வீட்டுக் கைப்பேசி எண் இவற்றைப் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டதை வைத்து ஏற்றாதீர்கள். அவர் குடியிருக்கும் இடம் அது.

சிலர் அரசுப் புள்ளிவிவர வகைப்பாட்டைக் காட்டி வாதம் செய்வார்கள். ஐ.நா.வின் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் நான்காம் பதிப்பில், தனிக்கடையில் நடக்கும் உணவு விற்பனைக்கு 4721, மேசைக் கடைகளிலும் சந்தையிலும் நடக்கும் உணவு விற்பனைக்கு 4781 என்று தனித்தனி எண்கள் இருக்கின்றன, வரைபடத்திலும் அப்படிப் பிரித்தால் என்ன என்பது வாதம். அந்த வகைப்பாடு ஒரு நிறுவனத்தின் முக்கியத் தொழில் எது என்று எண்ணுவதற்காக உண்டானது. முக்கால்வாசி விளைச்சலை மொத்தமாக விற்றுவிட்டு வாசலில் ஒரு மேசை போட்டிருக்கும் பண்ணை அதில் பயிர்த்தொழில் என்றே எண்ணப்படும், மேசை கணக்கிலேயே வராது. வரைபடத்தில் தேடுகிறவருக்கு அந்த மேசை மட்டும்தான் முக்கியம். நோக்கம் வேறு, ஆகவே பிரிவும் வேறு.

கூகுள் மேப்ஸ் போன்ற வணிக வரைபடங்களில் நிலைமை இன்னொரு மாதிரி. அங்கே கடைக்காரரே தன் பக்கத்தை உரிமை கோரி வகையைத் தேர்ந்தெடுக்கிறார். முதன்மை வகை ஒன்று, கூடுதல் வகைகள் ஒன்பது வரை. கேள்வி கேட்டவருக்குத் தெரிந்த பண்ணைக்காரர் யாராவது யோசனை கேட்டால், பண்ணைக் கடை என்பதை முதன்மையாக வைத்து, நிஜமாக உள்ளதை மட்டும் கூடுதலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்பது இடமும் காலியாக இருக்கிறதே என்று நிரப்பினால் தேடலில் தேவையில்லாத ஆட்கள்தான் வந்து ஏமாறுவார்கள். அங்கே பார்த்த கடையையோ நேரத்தையோ அப்படியே எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் போடுவது மட்டும் கூடவே கூடாது. 2012-லிருந்து இந்தத் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியாகிறது, பிறர் உரிமையுள்ள தரவு அதில் கலந்தால் மொத்தத்துக்கும் சிக்கல். அவர்களுடைய தெருப்படத்தைப் பார்த்துச் சேர்ப்பதும் அதே கணக்குதான். மக்களே எடுத்து ஏற்றும் தெருப்படத் தளமான மேப்பிலரியின் படங்களைப் பயன்படுத்தலாம், அனுமதி இருக்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் குடைக்கடை தெரிவது அபூர்வம், மரத்தடியில் இருந்தால் தெரியவே தெரியாது. ஆக, நேரில் போவதுதான் வழி.

கடைசியாக, அந்தத் தகரக் கொட்டகையை ஏற்கெனவே யாரோ கிரீன்குரோசர் என்று போட்டிருப்பதாகவும், மாற்றினால் சண்டை வருமோ என்றும் கேட்டிருந்தார். முதலில் அந்தப் புள்ளியின் வரலாற்றைத் திறந்து, எப்போது, யார், எந்தச் செயலியில் போட்டார் என்று பாருங்கள். அவர் நேரில் போய்ச் சேர்த்திருந்தால் அவருடைய மாற்றத்தொகுப்பின் (அவர் ஒரே தடவையில் சேமித்த திருத்தங்களின்) கீழே ஒரு கேள்வி எழுதுங்கள்: "நான் போனபோது பக்கத்து வயல் விளைச்சல் மாதிரி தெரிந்தது, நீங்கள் பார்த்தபோது எப்படி?" ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் "சரி, மாற்றிவிடுங்கள்" என்றுதான் பதில் வரும். பதிலே வராவிட்டாலும், நேரில் பார்த்த தேதியை மாற்றக் குறிப்பில் எழுதிவிட்டு நீங்களே மாற்றலாம்.